ரிட்டர்ன் ஆஃப் த கிங்: கடைசி 20 நிமிஷம் ஓவர் நீளம்னு சொல்றவங்களுக்கு

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூணு படத்துல கடைசியான இந்தப் படத்த முத தடவ தியேட்டர்ல பாத்தப்ப நான் முடிவப் பாக்கவே இல்ல. அப்போ கேஜிஎஃப்லேர்ந்து (கோலார் தங்கவயல்) தினமும் ட்ரெயின்ல பெங்களூர் வந்து போயிட்டு இருந்தேன், காலைல மாரிக்குப்பத்துல ஏறும்போதும் இருட்டு, ராத்திரி எறங்கும்போதும் இருட்டு. ஒரு சனிக்கிழம வேல முடிஞ்சு ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட எம்.ஜி. ரோட் பக்கத்துல ஒரு தியேட்டர்ல போய் உக்காந்தோம். ரெண்டே முக்கால் மணி நேரப் படமா இருக்கும்னு கணக்குப் போட்டு வந்தேன், இது 201 நிமிஷம், அதுக்கு மேல இன்டர்வெல் வேற. சாவ்ரான்ங்கற தீயவனோட மோதிரம் நெருப்புல உருகி, அவனோட கண்ணு இருக்கற கோபுரம் சரிஞ்சு, மலை வெடிச்சு, மோதிரத்த அழிக்கப் போன ஃப்ரோடோவும் அவன் சிநேகிதன் சாமும் ஒரு பாறை மேல சாஞ்சு கண்ண மூடறாங்க, திரை கருப்பாகுது. தியேட்டர்ல கொஞ்சம் பேர் எழுந்துட்டாங்க. நானும் எழுந்து ஓடினேன், கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல கடைசி ட்ரெயின் போயிடும். ட்ரெயினும் கெடச்சுது. படமும் முடிஞ்சிடுச்சுன்னு தான் ரெண்டு வருஷம் நெனச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் டிவிடி குடுத்தாரு, அன்னிக்குதான் தெரிஞ்சுது நான் எத விட்டுட்டு ஓடி வந்தேன்னு. அந்த விட்டுப்போன பகுதிதான் இந்தப் படமே. இத நான் இப்ப எழுதறதுக்குக் காரணம், போன மாசம் மூணு வாரம் தொடர்ந்து ஞாயித்துக்கிழம ராத்திரி மூணு படத்தையும் வீட்ல வச்சுப் பாத்தோம், நானு, என் பொண்ணு (ஆறாவது படிக்கறா), எங்கப்பா. முடிச்சதுக்கு அப்புறம் இன்னும் அதுலேர்ந்து வெளிய வரல.

மொதல்ல எத வாங்கறது எப்பிடிப் பாக்கறதுன்னு சொல்லிடறேன், அதுதான் நெறய பேர் கேக்கறது. 2020 கடைசில வந்த 4கே டிஸ்க் செட் என்கிட்ட இருக்கு, தெரிஞ்சவர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. தியேட்டர்ல வந்த வெர்ஷன், நீள வெர்ஷன் ரெண்டுமே அதுல இருக்கு. பழைய டிவிடில மூணு படத்துக்கும் கலர் வேற வேற மாதிரி தெரியும், இதுல டைரக்டர் பீட்டர் ஜாக்சனே பக்கத்துல இருந்து மூணையும் ஒரே படம் மாதிரி சரி பண்ணிருக்காரு. சில எடத்துல முகமெல்லாம் ரொம்பத் தொடச்சு வச்ச மாதிரி இருக்குன்னு குறை சொல்றவங்க இருக்காங்க, அது உண்மதான், க்ளோசப்ல கண்ணுக்குத் தெரியும். ஆனா மினாஸ் டிரித் நகரத்துக்கு மந்திரவாதி கேண்டால்ஃப் வெள்ளக் குதிரைல ஏழு மதில் தாண்டி மேல ஏறிப் போறாரே, அந்த ஒரு காட்சிக்காகவே இந்த டிஸ்க் போதும். அந்த நகரம் முழுக்க கம்ப்யூட்டர் இல்ல, வெல்லிங்டன்ல 72-ல ஒரு பங்கு அளவுல கையால செஞ்ச மாடல். சுவத்துல கறை, கூரைல ஓடு, சின்னச் சின்ன ஜன்னல், எல்லாம் நெசமாவே அங்க இருந்துச்சு, அதனாலதான் இத்தன வருஷம் கழிச்சு இவ்ளோ பெரிய டிவில போட்டும் பொய்யாத் தெரியல. ஒரே ஒரு விஷயம், டிவில அந்த மோஷன் ஸ்மூத்திங்க ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா குதிரப்படை சீரியல் ஷூட்டிங் மாதிரி ஆயிடும். சப்டைட்டில் போட்டுக்கோங்க, எல்வ் பாஷை வர எடத்துக்கு மட்டும் இல்ல, மோதிரத்துக்கு அலையற கோல்லம் தனக்குள்ளயே முணுமுணுக்கறதுல ஒரு வார்த்த கூட விடக்கூடாது.

நீள வெர்ஷனா சின்ன வெர்ஷனா? முத தடவ பாக்கறவங்களுக்கு நான் சின்னதுதான் சொல்வேன், அதே 201 நிமிஷம். நீளது 251 நிமிஷம், நாலு மணி நேரத்துக்கு மேல. மூணு படத்தோட நீள வெர்ஷனயும் சேத்தா 11 மணி நேரம் தாண்டும். நாங்க நீளது பாத்தோம். அதுல சாருமான் கதை முடியற காட்சி இருக்கு, தியேட்டர்ல அத வெட்டிட்டாங்க, ரெண்டு படம் முழுக்க வில்லனா வந்த மனுஷன் மூணாவதுல ஆளே காணோம், கிறிஸ்டோபர் லீ மாதிரி ஒரு நடிகர ஒரு ஷாட் கூட இல்லாம விட்டது தப்புன்னு இன்னிக்கும் சொல்வேன். அப்புறம் ஃப்ரோடோவும் சாமும் சாவ்ரானோட நாடான மார்டார்ல தண்ணியில்லாம கெடக்கறப்ப புகைமேகம் கொஞ்சம் வெலகி ஒரே ஒரு நட்சத்திரம் தெரியும், சாம் அதப் பாப்பான், அவ்ளோதான், ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா அதப் பாத்துட்டு மேல பாத்தா மலை ஏறறப்ப சாமுக்கு எங்கேர்ந்து தெம்பு வருதுன்னு புரியும்.

ஆனா நீள வெர்ஷன்ல எனக்கு ஒத்துக்கவே முடியாத ஒண்ணும் இருக்கு. கருப்பு வாசல்ல சாவ்ரானோட தூதன் வந்து பேசறான், கேவலமாத்தான் பேசறான், ஃப்ரோடோ செத்துட்டான்னு பொய் சொல்றான். ஆரகார்ன் பொறுக்காம குதிரைய ஓட்டிட்டுப் போய் அவன் தலைய வெட்டிடறான். தூதனக் கொல்லலாமா? அனுமார் வால்ல தீ வச்சாங்களே தவிர உயிர எடுக்கல, எடுக்கக் கூடாதுன்னு விபீஷணன் சபைல எழுந்து நின்னு பேசினதாலதான், ராவணன் சபையிலயே அந்த நியாயம் இருந்துச்சு. ராஜாவா முடிசூடப் போறவன், அடுத்த அரை மணி நேரத்துல ஒரு நாடே மண்டி போடப் போகுது, அவன் இதச் செஞ்சா எப்பிடி? மூலக்கதை எழுதின டோல்கீன் புத்தகத்துல அந்தத் தூதன் உசுரோடதான் திரும்பிப் போவான். எங்கப்பா கூட அந்த எடத்துல உச்சுக் கொட்டினாரு. தியேட்டர் வெர்ஷன்ல இது இல்ல, அது நல்லதுதான்.

சரி படத்துக்கு வரேன்.

மூணாவது படம், உலக யுத்தம் மாதிரி ஒரு யுத்தம் வரப் போகுதுன்னு எல்லாரும் காத்திருக்காங்க, இவரு படத்த எதுல ஆரம்பிக்கறாரு? ரெண்டு பேர் ஆத்துல மீன் புடிக்கறாங்க, தூண்டில் முள்ளுல புழு நெளியுது. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் ஸ்மீகல், நாம கோல்லம்னு பாக்கறவன், மோதிரம் கெடைக்கறதுக்கு முன்னாடி சாதாரண ஆளா இருந்தவன். கோல்லமா நடிச்ச ஆண்டி செர்கிஸ் நெசமான மொகத்தோட வரது இங்க மட்டும்தான். சிநேகிதன் கைல மோதிரத்தப் பாத்த ஒரு நிமிஷத்துல கழுத்த நெரிச்சுக் கொன்னுடறான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முடி கொட்டி, பல்லு போயி, பேரே மறந்து போறான். இத மொதல்லயே காட்டினதால படம் முழுக்க ஃப்ரோடோவப் பாக்கறப்பல்லாம் நமக்கு அந்த மொகம்தான் ஞாபகத்துக்கு வரும். என் பொண்ணு, "இவனும் அப்பிடி ஆயிடுவானாப்பா"ன்னு நாலு தடவ கேட்டா. அதுதான் இந்தப் படத்தோட பயம், அந்த லட்சம் பேர் படையெல்லாம் அப்புறம்தான்.

நடிப்புக்கு ஒரு நாமினேஷன் கூட கெடைக்கல இந்தப் படத்துக்கு. நாமினேட் ஆன 11-லயும் 11 ஆஸ்கர் ஜெயிச்சுது, பென்-ஹர், டைட்டானிக் ரெண்டுக்கும் சமமா, பேண்டஸி படத்துக்கு சிறந்த படம் விருது அதான் முத தடவ, ஆனா நடிச்சவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. சாமா நடிச்ச ஷான் ஆஸ்டின் பேரு கூட அந்த லிஸ்ட்ல இல்லங்கறத என்னால இன்னிக்கும் ஏத்துக்க முடியல. ரோஹான் நாட்டு ராஜா தியோடனா வர பெர்னார்ட் ஹில், 2024-ல போயிட்டாரு மனுஷன், குதிரப்படை வரிசைக்கு முன்னாடி தன் வாள ஒவ்வொருத்தனோட ஈட்டிலயும் தட்டிட்டே ஓட்டிட்டுப் போவாரே, அது நடிப்பு இல்லன்னா வேற எது? அந்தக் காட்சிய நான் வர்ணிக்க மாட்டேன், பாத்தவங்களுக்குத் தெரியும், பாக்காதவங்க பாத்துத் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்தக் கூட்டத்துல குதிர ஓட்டறவங்கள்ல நெறய பேர் பொம்பளைங்க, நியூஸிலாந்துல அவ்ளோ நல்லா குதிர ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்கள ஊர் ஊராத் தேடினப்ப பொம்பளைங்கதான் அதிகம் வந்தாங்களாம், ஒட்டுத் தாடி வச்சு விட்டுட்டாங்க. கதைலயும் தியோடனோட தங்கச்சி பொண்ணு எயோவின் ஆம்பள வேஷத்துல அதே கூட்டத்துலதான போறா. இத என் பொண்ணுகிட்ட சொன்னதும் ரீவைண்ட் பண்ணச் சொல்லி ஒவ்வொரு மொகமாப் பாத்தா.

ஃப்ரோடோவோட சிநேகிதன் பிப்பின் பாடற எடத்துல நாங்க பிரேக் விட்டோம், எல்லாரும் அங்கயே விடுங்கன்னு சொல்வேன். டெனெதோர், மினாஸ் டிரித்தப் பாத்துக்கற பெரியவரு, தன் ரெண்டாவது புள்ளய சாகத்தான் போறான்னு தெரிஞ்சே சண்டைக்கு அனுப்பிட்டு சாப்பிட உக்காந்துக்கறாரு. தக்காளிய வாய்ல வச்சுக் கடிக்கறாரு, சாறு தாடைல வழியுது. இங்க பிப்பின் அவர் கேட்டாருன்னு பாட்றான், அங்க ஃபாராமிர் குதிர ஓட்டிட்டு அம்பு மழைக்குள்ள போறான். ஒரு துளி ரத்தம் காட்டல, வழியற தக்காளிச் சாறுதான் ரத்தம். அந்த மெட்டு பில்லி பாய்ட், பிப்பினா நடிச்சவரே போட்டது. அது முடிஞ்சதும் நான் டிவிய நிறுத்தினேன், யாரும் கொஞ்ச நேரம் எழுந்துக்கல, அப்புறம்தான் அம்மா தோச ஊத்த உள்ள போனாங்க.

ஹோவர்ட் ஷோர் இசையப் பத்தி ஒரு விஷயம். கோண்டார் நாட்டுக்குன்னு (மினாஸ் டிரித் அதோட தலைநகரம்) ஒரு மெட்டு இருக்கு, அது முத படத்துலயே எல்ராண்ட் வீட்டு சபைல டெனெதோரோட மூத்த புள்ள போரோமிர் தன் ஊரப் பத்திப் பேசறப்ப ரொம்ப மெலிசா ஒரு தடவ வரும், யாரும் கவனிச்சிருக்க மாட்டோம். மூணாவது படத்துல அந்த நகரம் கண்ணு முன்னாடி வந்து நிக்கறப்பதான் முழு ஆர்கெஸ்ட்ராவா வரும். போரோமிர் முத படத்துலயே செத்துட்டான், அவன் ஆசையா சொன்ன ஊர அவன் இல்லாம நாம போய்ப் பாக்கறோம். மூணு படத்த ஒண்ணா எடுத்தாங்கன்னா (1999 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2000 டிசம்பர் வரைக்கும் ஒரே மூச்சா ஷூட்டிங்) அதுல இந்த மாதிரி பலனெல்லாம் இருக்கு. தனித்தனியா எடுத்திருந்தா இவ்ளோ தூரத்துக்கு யாரும் நூல் கோத்திருக்க மாட்டாங்க.

குறையச் சொல்லணும்னா முக்கியமானது அந்த ஆவிப்படை. பெலென்னார் யுத்தத்துல ரோஹான் ஆளுங்க அவ்ளோ பேர் செத்து, தியோடன் செத்து, எயோவின் உயிரப் பணயம் வச்சு சாவ்ரானோட தளபதி விட்ச் கிங்கக் குத்தி, எல்லாம் ஆனதுக்கு அப்புறம் பச்சைப் புகையா ஒரு படை கப்பல்லேர்ந்து குதிச்சு வந்து ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் தொடச்சுட்டுப் போயிடுது. எங்கப்பா கேட்டாரு, "செத்தவன் வந்து ஜெயிச்சுக் குடுக்கறதுன்னா உசுரோட இருந்தவன்லாம் இன்னாத்துக்குடா செத்தான்?" என்கிட்ட பதில் இல்ல. புத்தகத்துல அந்த ஆவிங்க தெக்கால கப்பலப் புடிச்சுக் குடுத்துட்டு அங்கயே போயிடுங்க, நகரத்துக்கு வரது மனுஷங்கதான். ஜாக்சன் சுருக்கணும்னு மாத்தினாரு, ஆனா இங்க ரொம்ப சுருங்கிடுச்சு. எல்வ் இனத்து வில்வீரன் லெகோலாஸ் அந்த யானை மேல ஏறி சறுக்கி எறங்கறதும் எனக்கு எப்பவுமே ஒட்டல, என் பொண்ணு கை தட்டினா, சரி அவளுக்காக இருந்துட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, படிக்கட்டுல ஃப்ரோடோ சாம நம்பாம வீட்டுக்குப் போன்னு சொல்லி அனுப்பறது. இது புத்தகத்துல கெடையாது. புத்தகம் படிச்ச நெறய பேருக்கு இதுல கோவம், எனக்கும் ரொம்ப நாள் இருந்துச்சு. இந்தத் தடவ பாக்கறப்ப கோவம் வரல. மோதிரம் அவன எந்த அளவுக்குத் தின்னுருக்குன்னா, கூட வந்தவனையே தெரியாத அளவுக்கு. அந்த "வீட்டுக்குப் போ"ங்கற வார்த்தய சாம் வாங்கிக்கற விதம், அழுதுட்டே நாலு படி எறங்கறது, எங்க தெருவுல ஒரு தாத்தா சாகறதுக்கு முன்னாடி பெத்த புள்ளையையே யாருடா நீன்னு கேட்டப்ப அந்த அண்ணன் நின்ன மாதிரியே இருந்துச்சு. அதுக்கப்புறம் வர ஷீலாப் சிலந்தி புத்தகத்துல ரெண்டாவது பாகத்துலயே வந்துடும், அத மூணாவதுக்குத் தள்ளி வச்சது நல்ல முடிவு, ஜாக்சனுக்கு நெசமாவே சிலந்தின்னா பயம், அந்தப் பயம் திரைல தெரியுது. என் பொண்ணு தாத்தா துண்டுக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டா.

அப்புறம் மோதிரத்தப் போட வேண்டிய நெருப்பு மலை. ஃப்ரோடோவால எழுந்துக்க முடியல, சாம் அவனத் தூக்கி தோள்ல போட்டுக்கிட்டு ஏறறான். இந்த எடத்துல அப்பா பேசினாரு. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல 26 வருஷம் எறங்கினவரு அவரு, சாம்பியன் ரீஃப்ல, அப்போ உலகத்துலயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல அது ஒண்ணு, மூணு கிலோமீட்டருக்கு மேல கீழ. ராக் பர்ஸ்ட் (கீழ பாறை வெடிக்கறது) ஆனா மேல லைன் வீட்ல இருக்கற எங்களுக்கே தரை ஆடும், பாத்திரம் உருளும். "அப்பிடித்தான் தூக்கணும், கையில ஏந்தினா ரெண்டு அடி போக முடியாது, தோள்ல போட்டாதான் கேஜ் வரைக்கும் வர முடியும்"னாரு. யாரத் தூக்கினாரு, அந்த ஆளு என்ன ஆனாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. படம் ஓடிட்டே இருந்துச்சு.

உச்சில போயி ஃப்ரோடோ தோக்கறான். இத எத்தன பேர் கவனிச்சிருப்பாங்கன்னு தெரியல, கதாநாயகன் கடைசி நிமிஷத்துல மோதிரம் என்னுதுன்னு சொல்லிடறான், போட்டுக்கறான். கோல்லம் வந்து வெரலக் கடிச்சுப் பிடுங்கலன்னா உலகம் போச்சு. அந்தக் கோல்லத்த அப்பவே கொன்னிருக்கணும்னு முத படத்துல ஃப்ரோடோவே சொன்னான், கேண்டால்ஃப்தான் அப்பிடிச் சொல்லாதன்னாரு, அவனுக்கும் ஏதோ ஒரு வேல பாக்கி இருக்குன்னாரு. எப்பவோ ஒருத்தன் மேல காட்டின இரக்கம்தான் கடைசில காப்பாத்துது. மொதல்ல ஷூட் பண்ணப்ப ஃப்ரோடோ அவனத் தள்ளி விடற மாதிரிதான் எடுத்தாங்க, அப்புறம் கொலை மாதிரி இருக்குன்னு மாத்தி, ரெண்டு பேரும் மோதிரத்துக்கு அடிச்சுக்கிட்டு விழற மாதிரி எடுத்தாங்க. நல்லவேளை மாத்தினாங்க.

இங்கதான் நான் அன்னிக்கு எழுந்து ஓடினது. இதுக்கு மேல இருக்கற சுமார் 20 நிமிஷத்தத்தான் நெறய பேர் நீளம், முடிவுக்கு மேல முடிவு, திரை இருட்டாகுது மறுபடி வெளிச்சம் வருதுன்னு திட்டறாங்க. எனக்கு அந்தத் திட்டு புரியுது, ஏன்னா நானும் படம்னா யுத்தம் ஜெயிச்சதும் முடிஞ்சிடும்னு நெனச்சவன்தான். ஆனா நம்ம வீடுகள்ல யாராவது ஒரே தடவைல கெளம்பிப் போயிருக்காங்களா சொல்லுங்க. கூடத்துல எழுந்து நின்னு ஒரு தடவ வரேன்னு சொல்வாங்க, செருப்பு மாட்டறப்ப ஒரு பேச்சு, கேட் கிட்ட ஒரு கால் மணி நேரம், ஆட்டோ வந்து நின்னதுக்கு அப்புறமும் குங்குமம் குடுத்து இன்னொரு தடவ. அது யாருக்கும் நீளமாத் தெரியறதில்ல. இத்தன மணி நேரம் கூட நடந்தவங்கள ஒரு கட்டிப்புடி, ஒரு பாட்டுன்னு அனுப்பிட முடியாது.

அதுலயும் ஒவ்வொண்ணும் வேற வேற. முடிசூட்டு விழாவுல குள்ள மனுஷங்களான நாலு ஹாபிட்டுங்களும் (ஃப்ரோடோ, சாம், பிப்பின், மெரி) ராஜாவுக்குக் குனியப் போறப்ப, ராஜா அவங்களத் தடுத்து அவனே மண்டி போடறான், பின்னாடி ஊரே மண்டி போடுது, அந்த நாலு பேரும் கூச்சத்துல நெளியறாங்க. அதுல சந்தோஷம். அடுத்து அவங்க சொந்த ஊரு ஷையர்ல அந்த மதுக்கடை. எனக்கு மொத்தப் படத்துலயும் உசந்த காட்சி இதுதான். சுத்தி இருக்கறவங்க எல்லாம் ஒரு பெரிய பூசணிக்காயப் பாத்து ஆச்சரியப்பட்டுட்டு இருக்காங்க, இவங்க நாலு பேரும் மூலை மேஜைல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. வசனமே இல்ல. போய் எதப் பாத்துட்டு வந்தாங்கன்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, சொன்னாலும் புரியாது. டோல்கீன் 1916-ல சோம் யுத்தத்துல இருந்தவரு. ஸ்கூல் காலத்துலேர்ந்து நாலு பேர் நெருக்கமான சிநேகிதங்க, அதுல ரெண்டு பேர் திரும்பி வரல. அவர் கதைல நாலு பேரும் வந்து உக்காந்துக்கறாங்க.

2001 பிப்ரவரி 28, சுரங்கத்த மூடின நாள். அதுக்கப்புறம் அப்பாவும் அவர் செட்டு ஆளுங்க மூணு பேரும் சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டைல ஒரு டீக்கடைல போய் உக்காருவாங்க. நான் ட்ரெயின் எறங்கி வரப்ப பாத்திருக்கேன், பேசிக்கவே மாட்டாங்க. அப்போ எனக்கு அது புரியல, எரிச்சல் கூட வந்திருக்கு, சும்மா உக்காந்திருக்காங்களேன்னு. அந்த மதுக்கடை காட்சில நான் டிவியப் பாக்காம அப்பாவத்தான் பாத்தேன். அவரு டம்ளரக் கைல வச்சுக்கிட்டு குடிக்காம பாத்துட்டு இருந்தாரு.

புத்தகம் படிச்சவங்க ஒரு குறை சொல்வாங்க, திரும்பி வரப்ப ஷையரே நாசமாகிக் கெடக்கும், மரமெல்லாம் வெட்டி, புகைக்கூண்டு கட்டி, இவங்க சண்ட போட்டு ஊர மீட்கணும், அத படத்துல எடுக்கலயேன்னு. எனக்கு அதுல ரெண்டு மனசு. எங்க ஊருக்குப் போனா மைன்ஸ் கழிவு மண்ணு மலை மலையாக் குவிஞ்சு கெடக்கு, சயனைடு மேடுன்னுதான் சொல்வோம், காத்தடிச்சா வீட்டுக்குள்ள வரும், சங்கு ஊதறது நின்னு போச்சு, ஆளுங்க பாதிக்கு மேல பெங்களூர் ட்ரெயின்ல. அதனால அந்த அத்தியாயம் எனக்கு ரொம்பக் கிட்ட. ஆனா படத்துல வேற ஒண்ணு செஞ்சிருக்காங்க, ஊர் அப்பிடியே பச்சையா இருக்கு, கதவுக்குப் பெயிண்ட் கூட போகல, திரும்பி வந்தவன்தான் மாறிட்டான். அதுவும் நெசம்தான். எங்கப்பாவ லிங்கராஜபுரத்துல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பதினோரு வருஷம் ஆச்சு, எல்லா வசதியும் இருக்கு, இன்னும் காலைல அஞ்சரைக்கு எழுந்து வாசல்ல நிப்பாரு.

கடைசி, துறைமுகம். அம்மா இந்தப் படத்துல ஒண்ணுமே பாக்கல, தோசைக்கு அப்புறம் வேல முடிச்சுட்டு இந்த எடத்துலதான் வந்து தரைல உக்காந்தாங்க. பாப்பா யார் யாருன்னு சொல்லிட்டே வந்தா, இவன்தான் பாட்டி மோதிரத்தத் தூக்கிட்டுப் போனவன், இவன் அவன் கூடவே போனவன். ஃப்ரோடோ கப்பல் ஏறப் போறான்னே சாமுக்கு அது வரைக்கும் தெரியாது. ஃப்ரோடோ புத்தகத்தக் குடுக்கறான், ஷையரக் காப்பாத்தியாச்சு, ஆனா எனக்காக இல்லங்கறான், ஒவ்வொருத்தனா கட்டிப்புடிக்கறான், சாம் நெத்தில முத்தம் குடுத்துட்டு ஏறிடறான். அம்மா சொன்னாங்க, "இந்தப் புள்ள போயிட்டு வரேன்னு சொல்லலயே."

நான் இந்தப் படத்த பத்துத் தடவைக்கு மேல பாத்திருப்பேன், எனக்கு இது தோணினதே இல்ல. நம்ம ஊர்ல போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம், கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான், தவறிப் போறேன்னு சொல்லிட்டா அம்மா திருப்பிக் கூப்பிட்டு வரேன்னு சொல்ல வச்சு அனுப்புவாங்க. ஷிஃப்டுக்குக் கெளம்பறப்ப அப்பா அந்த ஒரு வார்த்தய மட்டும் ஒரு நாளும் விட்டதில்ல. திரும்பி வந்து லைன் வீட்டு கேட்டத் தெறக்கறப்பவே "வந்துட்டேன்"னு ஒரு கொரல் குடுப்பாரு, உள்ள வரதுக்கு முன்னாடியே, அது வர வரைக்கும் அம்மா அடுப்பு பக்கத்துலயே நிப்பாங்க, சாப்பிட மாட்டாங்க.

இந்தத் துறைமுகக் காட்சிய மூணு தடவ எடுத்தாங்க. முத தடவ சாப்பாட்டு பிரேக்குக்கு அப்புறம் ஷான் ஆஸ்டின் உள்சட்டைய மாட்ட மறந்துட்டாரு, யாரும் கவனிக்கல, ரெண்டாவது தடவ ஃபோகஸ் போயிடுச்சு. அந்த அழுகைய அந்தப் பசங்க மூணு தடவ அழுதிருக்காங்க. பாத்தா அப்பிடித் தெரியாது.

சாம் வீட்டுக்கு நடந்து வரான். அவன் சின்னப் பொண்ணு ஓடி வரா (அது ஷான் ஆஸ்டினோட சொந்தப் பொண்ணுதான்), பொண்டாட்டி ரோஸி கைக்கொழந்தையோட நிக்கறா. ஒரே வரி சொல்றான், வந்துட்டேன்னு. கதவு சாத்திக்குது, படம் முடியுது. எங்க வீட்ல அம்மா எதுவும் சொல்லல, அப்பா முட்டி மேல கைய வச்சுட்டு எழுந்தாரு, எழுந்து லைட்டப் போடல.

டிஸ்க்க உடனே எடுத்துடாதீங்க, கிரெடிட்ஸ்ல ஒவ்வொரு நடிகர் மொகத்தையும் பென்சில்ல வரைஞ்சு வச்சிருக்காங்க, ஆனி லெனாக்ஸ் பாட்டு ஓடிட்டு இருக்கும், அது ஆஸ்கர் வாங்கின பாட்டு. நாங்க அதயும் பாத்தோம். மணி பதினொண்ணரை, பாப்பா தாத்தா மடியில தூங்கிட்டா, திங்கக்கிழம ஸ்கூல் வேற. ரிமோட்ட எடுக்கப் போனேன். அப்பா, "அந்தக் கப்பல் எடத்துலேர்ந்து இன்னொரு தடவ போடு"ன்னாரு. போட்டேன்.